ஒளித்து வைக்கும் பெற்றோருக்கே!

(லண்டன் தமிழ்க் குடும்பங்களின் ஈஸ்டர் திங்கள் ஒன்றுகூடலில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: வீட்டில் நடக்கும் ஈஸ்டர் சாக்லேட் முட்டை வேட்டையில் அதிக மகிழ்ச்சி தேடும் பிள்ளைகளுக்கா, ஒளித்து வைக்கும் பெற்றோருக்கா? ‘பெற்றோருக்கே’ அணியின் உரை.)

நடுவர் ஐயாவுக்கும், அவையில இருக்கிறவங்களுக்கும், சமோசா வந்துடுச்சான்னு கதவையே பார்த்துக்கிட்டிருக்கிற பெரியவங்களுக்கும் வணக்கம். உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள்.

ஐயா, நான் ஒரு உரை தயார் பண்ணிட்டு வந்தேன். அது பையிலேயே இருக்கட்டும். எதிரணி அக்கா போகிற போக்கில ஒரு வார்த்தை சொன்னாங்க: “அப்பாமார் இருபது முட்டை வாங்குவாங்க, பன்னிரண்டை ஒளிப்பாங்க, மிச்சம் எட்டு எங்கேன்னு அவங்க வயித்தைப் பார்த்தா தெரியும்.” எல்லாரும் கை தட்டினீங்க. முன்வரிசையில என் மனைவியும் தட்டினாங்க. பார்த்துட்டுத்தான் இருந்தேன்.

எட்டு தின்னது உண்மை. ஆனா எப்போ தின்னோம்? தவக்கால நோன்பு தொடங்குற சாம்பல் புதன்ல இருந்து சாக்லேட்டைக் கையால தொடலை. சனிக்கிழமை ராத்திரி திருவிழிப்புப் பூசையில உட்கார்ந்து, நின்னு, மறுபடி உட்கார்ந்து, கையில மெழுகு சொட்டி, தவக்காலம் பூரா வாயில வராத அல்லேலூயாவைப் பாடி முடிச்சு வீட்டுக்கு வந்து, அதுக்கப்புறம் தின்னோம். சாமியார் இங்கேதான் இருக்கார். தவக்காலம் முடிஞ்சப்புறம் தின்னா அது பாவமா சாமி? பாருங்க, தலையாட்டுறார்! எந்தப் பக்கமா ஆட்டினார்னு ஆராய வேண்டாம்.

அதுவுமில்லாம, அக்கா தன்னை அறியாமலே எங்களுக்கு ஒரு சாட்சி சொல்லிட்டாங்க. பிள்ளை ஞாயிறு காலையிலதான் தின்னுது. அப்பா சனி ராத்திரியே தின்னுட்டான். அப்போ மகிழ்ச்சி முதல்ல யாருக்கு வந்துச்சு? குறிச்சுக்குங்க ஐயா.

இப்போ என் மச்சான் கதை. மூணாவது வரிசை, நீலச் சட்டை. எழுந்திருக்க வேண்டாம் மச்சான், எல்லாரும் பார்த்துட்டாங்க.

2024-ல ஈஸ்டர் மார்ச் 31. முந்தின சனிக்கிழமை ராத்திரி விடியறதுக்குள்ளதான் இந்த நாட்டுல கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளினாங்க. பூசை முடிஞ்சு வந்தா தூங்கக் கிடைக்கிறதே கொஞ்ச நேரம், அதுலயும் ஒரு மணியை அரசாங்கம் எடுத்துக்கிச்சு. அந்த அரைத் தூக்கத்துல மச்சான் சின்ன முட்டையெல்லாம் ஒளிச்சுட்டார். கடைசிப் புதையல் ஒரு பெரிய முட்டை, உள்ளே வெத்து, மேலே தங்கத்தாள். அதை யாரும் நினைக்காத இடத்துல வைக்கணுமாம். துண்டுச் சீட்டுல ஒரு குறிப்பும் எழுதினார்: “குளிருக்குப் பயந்தவன் எங்கே ஒளிவான்?” எங்கே ஒளிவான்? வீட்டைச் சூடாக்குற பாய்லர் இருக்கிற கபோர்டுல! மாமியார் ஊர்ல இருந்து கொண்டுவந்த துண்டுகளுக்கு நடுவுல சொருகிட்டார். வெள்ளைத் துண்டு. சரியாக் கேட்டுக்குங்க, வெள்ளை.

சாக்லேட்டு நம்ம உடம்புச் சூடு வர்றதுக்கு முன்னாடியே இளகுற சாமான். வாயில போட்டா கரையுதே, அதனாலதான். காலையில ஹீட்டிங் தானா ஆன் ஆச்சு. பிள்ளைங்க சோபாவைப் புரட்டுதுங்க, ஷூவுக்குள்ள கை விடுதுங்க, ஃப்ரிட்ஜைத் தொறக்குதுங்க. புதையலைக் காணோம். ஆனா வீடு பூரா வாசம்! பேக்கரி மாதிரி மணக்குது. மாடியில குளிச்சுட்டு வந்த மாமியார், கண்ணுல கண்ணாடி இல்லை, கபோர்டைத் தொறந்து ஒரு துண்டை உருவி முகத்தை நல்லா அழுத்தித் துடைச்சாங்க. நெத்தி, கன்னம், மூக்கு. காதைக்கூட விடலை. அப்படியே படியிறங்கி வந்தாங்க. நாலு பிள்ளைங்களும் மேலே பார்த்துச்சு, ஒரு விநாடி சத்தமே இல்லை. அப்புறம் சின்னவன் கத்தினான்: “புதையல் கிடைச்சிருச்சு!”

கிடைச்சது மாமியார் முகத்துல!

மாமியார் என்ன சொன்னாங்கன்னு கேக்காதீங்க, இது கோயில் மண்டபம். எத்தனை துண்டு போச்சுன்னு மட்டும் கேளுங்க. எல்லாத் துண்டும்.

போன வாரம் அந்தச் சின்னவன்கிட்ட “அந்த ஈஸ்டர் ஞாபகம் இருக்காடா?”ன்னேன். “ஏதோ டவல்...”னு சொல்லிட்டு கேம் ஆடப் போயிட்டான். ஆனா மச்சானைப் பாருங்க, இப்போகூட கர்ச்சீப்பால கண்ணைத் துடைக்கிறார். அதுவும் வெள்ளைதான். தேடினவன் மறந்துட்டான், ஒளிச்சவன் வருஷா வருஷம் சிரிக்கிறான். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

எதிரணியில இன்னொரு தம்பி சரித்திரம் பேசினார். விக்டோரியா அம்மையார் 1833-ல, பதிமூணு வயசுல, ஈஸ்டர் முட்டை தேடினதை டைரியில எழுதியிருக்காங்களாம். சரிதான் தம்பி. ஆனா அதே வரியில, வண்ணம் தீட்டி அலங்கரிச்ச முட்டைகளை அம்மா செஞ்சாங்கன்னும் இருக்கே, அதை ஏன் முழுங்கினீங்க? தேடின அந்தப் பொண்ணு வளர்ந்து, ராணியாகி, கல்யாணம் பண்ணி, புருஷன் ஆல்பர்ட்டோட சேர்ந்து தன் பிள்ளைகளுக்கு முட்டை வேட்டை வெச்சாங்க. தேடுறதுலதான் சுகம்னா, ராணிக்கு யார் தடை? ‘ஒளிச்சு வைங்கடா, நான் தேடுறேன்’னு உத்தரவு போட்டிருக்கலாமே! பிரிஸ்டல்ல ஃப்ரை கம்பெனி 1873-ல சாக்லேட் முட்டை செய்யறதுக்கு முன்னாடி இந்த நாட்டுல பெரும்பாலும் அவிச்ச கோழி முட்டைதான். தின்னுத் தீர்க்கிற ஆசையும் இல்லை, எட்டுக் கணக்கும் இல்லை. அக்கா, கேட்டுக்கிட்டீங்களா?

ஒளிக்கிறவன் வேலை சும்மா இல்லைங்க. வீட்டுல நாய் இருந்தா தரையில வைக்க முடியாது, கோகோவுல இருக்கிற தியோபுரோமின் அதுக்கு விஷம். கைக்குழந்தை இருந்தா குட்டி முட்டை தொண்டையில சிக்கும்னு பயம். பெரியவன் ஓடிப்போய் எல்லாத்தையும் அள்ளிடுவான், சின்னது அழும். அதனால ஆளுக்கு ஒரு நிறம், பெரியவனுக்கு நீலம், சின்னவளுக்கு மஞ்சள். எத்தனை முட்டை, எங்கெங்கேன்னு சீட்டு எழுதி வெச்சுக்கணும், இல்லேன்னா ஆகஸ்டுல எறும்பு கண்டுபிடிக்கும். இதுக்கெல்லாம் மேல ஒண்ணு. மூணு வயசுப் பொண்ணு கண்ணுக்கு எது தெரியும்னு பார்க்க, ராத்திரி ஒரு மணிக்கு முட்டி போட்டு ஹால்ல தவழ்ந்திருக்கீங்களா? அங்கிருந்து பார்த்தா உங்க வீடே வேற வீடு. மேசைக்கு அடிப்பக்கம் அவ கிரேயான்ல கிறுக்கி வெச்சிருக்கிறது அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

மணி அடிச்சுட்டீங்க. ஒரு நிமிஷம் ஐயா, இது வாதம் இல்லை, மதிப்பெண் போட வேண்டாம்.

என் மூத்தவனுக்குப் பதிமூணு முடிஞ்சிருச்சு. இந்த வருஷம் சொல்லிட்டான், “அப்பா, நான் தேட வரலை, அது சின்னப் பசங்க வேலை.” சரிடான்னேன். வேற என்ன சொல்றது? அவன் கூடையை எடுத்து மேலே வெச்சுட்டேன். சனி ராத்திரி பூசை முடிஞ்சு வந்து, டீ போட்டுக் குடிச்சுட்டு ஒளிக்கலாம்னு பார்த்தா, முட்டைப் பையைக் காணோம். மாடிப்படியில பேச்சுக் குரல். இவன் படியில உட்கார்ந்து, தூத்துக்குடிக்கு வாட்ஸ்அப்புல பேசிக்கிட்டிருக்கான். அங்கே விடியக்காலம், எங்க அம்மா எழுந்து வாசல் தெளிச்சுட்டு உட்கார்ந்திருக்காங்க. “ஆச்சி, தங்கச்சிக்கு இன்னும் ஒரு விடுகதை சொல்லு.” அம்மா சொல்றாங்க, “கடல் நீரில் வளரும், மழை நீரில் மடியும்.” இவன் உப்பு ஜாடிக்குப் பின்னால ஒரு மஞ்சள் முட்டையை வைக்கிறான். அடுத்து, “ஒற்றைக் காலன், மழை வந்தா விரிவான்.” குடைக்குள்ள ஒண்ணு.

அம்மாவுக்கு இந்த வேட்டையெல்லாம் தெரியாது. “முட்டையைக் கோழிதானலே ஒளிக்கும், நீங்க ஏம்லே ஒளிக்கிய?”ன்னு சிரிக்காங்க. எங்க ஊர்ல சின்ன வயசுல நாங்க தேடினது அதுதான். கோழி வைக்கோல் படப்புல போட்டிருக்கா, பழைய கூடையில போட்டிருக்கான்னு கையை விட்டுத் தடவுவோம். எடுத்துட்டு ஓடி வந்தா, அம்மா எனக்கு ஒண்ணு அவிச்சுத் தருவாங்க. மிச்சத்தைக் கடைக்குக் கொடுத்துதான் பேனா, நோட்டு. அம்மா ஒண்ணு தின்னு நான் பார்த்ததே இல்லை.

அக்கா, நீங்க எட்டுக் கணக்குப் போட்டீங்க. எங்க அம்மா கணக்குல அந்தப் பக்கம் எப்பவும் சைபர்தான்.

இது யார் பக்க ஆதாரம்னு எனக்கே தெரியலை ஐயா. தீர்ப்பை நீங்க சொல்லுங்க, நான் அம்மாவுக்கு ஒரு போன் போட்டுட்டு வந்துடறேன். நன்றி, வணக்கம்.