கை கொடுக்காமல் காத்திருக்கும் வேலை

நேயர்களுக்கு வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான பிறகு, உதகையிலும் கோத்தகிரிப் பக்கத்திலும் என்னைச் சந்திக்கும் பெற்றோர் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "நர்சிங் தெரியும், பிசியோதெரபி தெரியும், ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர் என்கிறார்களே, அதில் எங்கள் பிள்ளை சேரலாமா?" என்பதே அக்கேள்வி. இத்துறையில் பல ஆண்டுகள் பணியாற்றிய தெரபிஸ்ட் என்ற முறையில் எனக்குத் தெரிந்த விடையை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

ஆக்குபேஷனல் தெரபியைத் தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்று எழுதுகிறோம். இந்தப் பெயரால் விளைந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. தையல் மிஷின் தருவீர்களா என்று கேட்டு வந்தவர்களை உட்கார வைத்து விளக்கியிருக்கிறேன். இங்கே தொழில் என்ற சொல் சம்பளத்துக்குச் செய்யும் வேலையோடு நின்றுவிடுவதில்லை. பல் துலக்குவது, தலை வாருவது, சேலை கட்டுவது, சோறு பிசைந்து உண்பது, பள்ளிக்கூடத்தில் பென்சில் பிடிப்பது எனக் காலை எழுந்தது முதல் ஒருவர் தாமாகவே செய்துகொள்ள விரும்பும் அத்தனையும் அதில் அடங்கும். பக்கவாதத்தாலோ விபத்தாலோ பிறவிக் குறைபாட்டாலோ மனநோயாலோ இவை தடைப்படும்போது, அவற்றை மீண்டும் செய்யப் பழக்குவதும், பழையபடி செய்ய முடியாத இடத்தில் செய்யும் முறையையோ பொருளையோ வீட்டு அமைப்பையோ மாற்றித் தருவதும் இச்சிகிச்சையின் பணி.

1917இல் அமெரிக்காவில் இத்துறைக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டன் மருத்துவர் அல்லர். காசநோயும் பக்கவாதமும் கண்டு மீண்ட ஒரு கட்டடக் கலைஞர். நம் நாட்டில் இதற்கான முதல் பயிற்சிப் பள்ளியை 1950இல் பம்பாயில் தொடங்கிய கமலா நிம்ப்கர், அமெரிக்காவில் பிறந்து இந்தியக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். 1952இல் இத்துறையினரின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதன் நிறுவன உறுப்பு நாடுகளுள் இந்தியாவும் இருந்தது.

இனி உதவியாளரின் வேலைக்கு வருகிறேன். நோயாளியைச் சோதித்து, எந்த இலக்கை நோக்கிப் போவது என்று திட்டம் வகுப்பவர் தெரபிஸ்ட். அத்திட்டத்தை நாள்தோறும் நோயாளியோடு உட்கார்ந்து நடத்தி, நடந்ததைக் குறித்து வைத்து, மாற்றம் தேவைப்பட்டால் தெரபிஸ்டிடம் சொல்பவர் உதவியாளர். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலை எவ்வளவு நுட்பமானது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்களிடம் பணிபுரிந்த ஓர் இளம் பெண்.

தேயிலைத் தோட்டத்தில் இலை பறித்துவந்த ஓர் அம்மாவுக்குப் பக்கவாதத்தால் வலது கை விழுந்துவிட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து ஒரு பொருளைப் பிடிக்க வேண்டும் என்று இலக்கு எழுதி, துளைப் பலகையில் மரக்குச்சிகளைச் செருகும் பயிற்சியை நான் கொடுத்தேன். நான்கு குச்சிகளைச் செருகிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள், அதே தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்த அந்த உதவியாளர், மலைப்பூண்டு இரண்டை அவர் மடியில் போட்டு, "அக்கா, ரசத்துக்கு வேணும், உரிச்சுத் தாங்க" என்றார். முதல் வாரம் முழுவதும் இடது கைதான் வேலை செய்தது. வலது உள்ளங்கை பூண்டை அழுத்திப் பிடித்துக்கொள்ள மட்டுமே உதவியது. மூன்றாம் வாரத்தில் கட்டைவிரல் மெல்ல ஆள்காட்டிவிரலைத் தேடி வந்து, தோலின் நுனியைக் கிள்ளியது. பல ஆண்டுகளாக இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளிய அதே கிள்ளல் அது. அன்று உதவியாளர் நோட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "ஏழு பல். இருபது நிமிடம். இரண்டு முறை நழுவியது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை." அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதத் தெரிந்தவரே இந்த வேலைக்கு ஏற்றவர் என்பது என் கருத்து. இலக்கை அவர் மாற்றவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பயிற்சிப் பொருளை மாற்றினார், அதையும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தார்.

மலையில் இந்த வேலைக்குச் சில தனிச் சங்கதிகள் உண்டு. பக்கவாதத்தால் இறுகிய தசை குளிரில் மேலும் இறுகும். ஆகவே காலைப் பயிற்சிக்கு முன் கையை வெதுவெதுப்பாக்க வேண்டும். ஆனால் அக்கையில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெந்நீர் சுட்டாலும் தெரியாது என்பதால், நல்ல கையால் தொட்டுப் பார்த்த பிறகே தண்ணீரில் இறக்க வேண்டும். ஸ்வெட்டர் இல்லாமல் இங்கே யாரும் இருக்க முடியாது. போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைப்பதும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுப்பதும் பழக்கத்தில் வர வேண்டும். படியில்லாத வீடு இம்மலையில் அரிது. ஏறும்போது நல்ல காலும் இறங்கும்போது பலவீனமான காலும் முன்னே செல்ல வேண்டும். நகரத்துப் பாடநூலை அப்படியே நம்பி, லயத்து வீட்டில் வசித்த ஒருவருக்குச் சக்கர நாற்காலியைப் பரிந்துரைத்த தவறை நானே செய்திருக்கிறேன். வீட்டு வாசலுக்கும் சாலைக்கும் இடையே இருந்த நாற்பது படிகளை நான் போய்ப் பார்த்திருக்கவில்லை. அந்த நாற்காலியில் கடைசியில் விறகு அடுக்கியிருந்தார்கள்.

நீலகிரிப் பழங்குடி மக்களிடையே காணப்படும், இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் இரத்தசோகையும் நம் வேலைக்குள் வருகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைக் குறைபாடுகளுள் அதுவும் ஒன்று. குளிரும் மிகுந்த களைப்பும் அந்நோயாளிகளுக்கு வலியைத் தூண்டிவிடும் என்பதால், ஒரு நாள் வேலையைப் பகுத்து இடையிடையே ஓய்வெடுக்கக் கற்றுத்தர வேண்டும். பணியர் வீட்டிலோ இருளர் வீட்டிலோ அதனை அவர்களுடைய மொழியிலேயே சொல்லக்கூடிய உதவியாளர், என்னைப்போல் சமவெளியிலிருந்து மலையேறி வந்தவரைவிட மிகவும் பயன்படுவார்.

படிப்பைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் உதவியாளர் என்பது இரண்டாண்டுப் படிப்பும் தேசியத் தேர்வும் கொண்ட தனிப் பதவி. நம் நாட்டில் அத்தகைய படிநிலை இன்னும் அவ்வளவு உறுதியாக வேரூன்றவில்லை. இங்கே இத்துறைக்குள் வர உறுதியான வழி, தெரபிஸ்டாகவே ஆக்கும் பட்டப்படிப்புதான். அறிவியல் பாடங்களோடு பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர்கள் பி.ஓ.டி. (பேச்சலர் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபி) எனப்படும் அப்பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். நான்கு ஆண்டுகளும் அதன்மேல் உள்ளிருப்புப் பயிற்சியும் ஆகும். 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டம் இத்துறையையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்துள்ளது. எனக்குத் தெரிந்த ஒரு மாணவி ஆறு மாதப் பயிற்சிக்கென்று நகை அடகு வைத்துப் பணம் கட்டி, எந்த மருத்துவமனையும் ஏற்காத சான்றிதழோடு திரும்பி வந்தாள். எந்தப் பல்கலைக்கழகம் அல்லது எந்த ஆணையம் அங்கீகரித்த படிப்பு என்பதை எழுத்தில் வாங்காமல் யாரும் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

சம்பளம் தொடக்கத்தில் குறைவு. வேலைகளும் மலையைவிடக் கோயம்புத்தூரில்தான் அதிகம். நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் முறையைச் சரியாகக் கற்காதவர்களின் இடுப்பு சில ஆண்டுகளிலேயே பழுதாகிவிடும்.

விண்ணப்பிப்பதற்கு முன், அனுமதி பெற்று ஒரு சிகிச்சை மையத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். முதியவர் ஒருவர் ஸ்வெட்டர் பொத்தான் ஒன்றை மாட்ட எட்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும்போது, உங்கள் கை உதவிக்கு நீள்கிறதா, மடியிலேயே இருக்கிறதா என்று உங்களையே கவனியுங்கள். முதல் நாள் எல்லோருக்கும் நீளும், எனக்கும் நீண்டது. ஆறாம் நாளும் நீண்டுகொண்டே இருந்தால், நர்சிங் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள்; அங்கே அந்தக் கைக்கு வேலை நிறைய இருக்கிறது. வணக்கம்.