6 யூரோவுக்குக் கிடைத்த மாட்ஷ்ஹோசே! பெர்லின் மழையும் எங்கள் வீட்டு வாண்டுகளும்

வணக்கம் மக்களே! எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? வழக்கம்போல காபி கையில் இருக்கிறது. பெரியவளும் சின்னவனும் கீட்டாவில், அதாவது பள்ளிக்கு முந்தைய பிள்ளைகளுக்கான பகல் காப்பகத்தில், இருக்கிறார்கள். மூன்றரைக்குப் போய்க் கூட்டி வரவேண்டும், அதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமையிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

இதோ, கிட்டே காட்டுகிறேன், பாருங்கள். கருநீல மாட்ஷ்ஹோசே, அளவு 98. விலை 6 யூரோ!

புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் ஒரு வரி. மாட்ஷ்ஹோசே என்பது பிள்ளைகள் சேற்றில் விளையாடும்போது போடுகிற மழை பேன்ட். நெஞ்சு வரைக்கும் வரும், தோளுக்கு இரண்டு வார், பாதத்துக்கு அடியில் மாட்ட ஒரு ரப்பர் பட்டை. இங்கே கீட்டாவில் மழை பெய்தால் பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொள்ள மாட்டார்கள். இதை மாட்டிவிட்டு, ரப்பர் பூட்ஸ் போட்டு, தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் ஒன்று எப்போதும் கீட்டா கொக்கியில் தொங்கவேண்டும். எங்கள் வீட்டுச் சின்னவன் இந்தக் கோடையில் சரசரவென்று வளர்ந்துவிட்டான், பழையது கணுக்காலுக்கு மேலே நிற்கிறது.

சரி, புதிது வாங்கலாம் என்று கடைக்குப் போனால் 45 யூரோ என்கிறார்கள். ரூபாயில் நாலாயிரத்தைத் தாண்டுகிறது. எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். பெர்லினில் 2018 ஆகஸ்ட் முதல் கீட்டாவுக்குக் கட்டணமே கிடையாது, சாப்பாட்டுக்கு மாதம் 23 யூரோ கொடுக்கிறோம், அவ்வளவுதான். பிள்ளை வளர்க்க அரசாங்கம் தருகிற உதவித்தொகையான கிண்டர்கெல்டாக 2025-இல் ஒரு பிள்ளைக்கு மாதம் 255 யூரோ வந்தது. பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இவ்வளவு செய்கிற ஊரில், அடுத்த வருடம் காலுக்கு ஏறாத ஒரு பேன்ட்டுக்கு 45 யூரோ கேட்பது கொஞ்சம்கூட நியாயமில்லை. அந்தக் கடையில் எதையும் தொடாமல் வந்துவிட்டேன்.

அப்புறம்தான் கிண்டர் ஃப்ளோமார்க்ட். இதற்கு நான் அடிமை என்று உங்களுக்கே தெரியும். பெற்றோர்களே சேர்ந்து நடத்துகிற பழைய துணி, பொம்மைச் சந்தை. கீட்டாவிலோ சர்ச் கூடத்திலோ மேஜை போட்டு, பிள்ளைகளுக்குச் சின்னதாகிப் போனதை எல்லாம் விற்பார்கள். ஒரு மூலையில் கேக் கடை இருக்கும், அந்தப் பணம் கீட்டாவுக்குப் போகும். நான் தேங்காய் பர்பி செய்து கொண்டுபோயிருந்தேன். ஆப்பிள் கேக்குக்கு முன்னாலேயே என் தட்டு காலி!

அங்கே இந்த நீல பேன்ட்டைப் பார்த்தேன். பழைய மாட்ஷ்ஹோசே வாங்குகிறவர்கள் தயவுசெய்து நான் சொல்வதைக் கேளுங்கள். முதலில் முழங்காலைப் பாருங்கள். பிள்ளைகள் முட்டி போட்டு ஊர்ந்து ஊர்ந்து மேல்பூச்சு அங்கேதான் தேயும். அடுத்து, உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பாருங்கள். வெறும் நூல் தையல் என்றால் அதன் வழியாகத் தண்ணீர் இறங்கும். உருக்கி ஒட்டியிருக்க வேண்டும். இதில் ஒட்டியிருக்கிறது. விற்ற அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, என் பாட்டில் தண்ணீரை உட்காரும் இடத்தில் ஊற்றியே பார்த்தேன். அவர் சிரித்தார், ஆனால் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அளவு விஷயத்தில், உயரம் எத்தனை சென்டிமீட்டரோ அதுதான் இங்கே சைஸ். சின்னவன் 94 இருக்கிறான். உள்ளே ஃப்ளீஸ் பேன்ட் போடவேண்டும் என்பதால் 98 சரியாக வரும்.

ஒரே ஒரு குறை. வலது காலின் பாதப் பட்டை அறுந்திருந்தது. இது சின்ன விஷயம் இல்லை மக்களே. பட்டை இல்லை என்றால் பேன்ட் பூட்ஸுக்கு மேலே ஏறிக்கொள்ளும், சேறு நேராக பூட்ஸுக்குள் போகும், சாக்ஸ் நனையும், அன்றைக்கு அவ்வளவுதான். கடையில் இந்தப் பட்டை தனியாக விற்கிறார்கள், ஒரு ஜோடி 5 யூரோ. 6 யூரோ பேன்ட்டுக்கு 5 யூரோ பட்டையா? முடியாது! திருச்சியிலிருந்து வரும்போது பாவாடைக்குப் போடுகிற எலாஸ்டிக் ஒரு கட்டு கொண்டுவந்திருந்தேன். அரை இஞ்ச் அகலம். அதை இரண்டாக மடித்து, இரண்டு முனையிலும் பட்டன் ஓட்டை போட்டு, ஓட்டையைச் சுற்றி நெருக்கித் தைத்தேன். இதோ இழுத்துக் காட்டுகிறேன். எப்படி நிற்கிறது பாருங்கள்! பழைய ரப்பர் பட்டையைவிட இது நன்றாக இருக்கிறது. இடது காலுக்கும் மாற்றிவிட்டேன்.

ஒன்றை விட்டுவிட்டேனே. ஃப்ளோமார்க்ட்டில் கர்ப்பிணிகளைப் பல இடங்களில் அரை மணி நேரம் முன்னாலேயே உள்ளே விடுவார்கள், முட்டர்பாஸை, அதாவது டாக்டர் தருகிற கர்ப்பகாலப் பரிசோதனைப் புத்தகத்தை, காட்டினால் போதும். இங்கே புதிதாக வந்திருக்கிற கர்ப்பிணித் தங்கைகள் இதைத் தவறவிடாதீர்கள். நல்ல சாமான் எல்லாம் அந்த அரை மணியில்தான் போகும்.

இப்போது அம்மா. அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை மாற்றியதிலிருந்து ஊருக்கும் எங்களுக்கும் மூன்றரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் நாலரை ஆகிவிட்டது. பிள்ளைகளோடு வீட்டுக்கு வந்து நாலு மணிக்கு வீடியோ கால் போட்டால் திருச்சியில் எட்டரை. நேற்று சின்னவன் சேறும் சகதியுமாக அப்படியே போன் முன்னால் போய் நின்றான். அங்கே ஐப்பசி அடைமழை, ஜன்னலைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்குப் பகீர் என்றது. "ஏண்டி, அஞ்சு டிகிரி குளிர்ல பிள்ளைய மழையிலயா விடுறாங்க? மார்ச்சளி கட்டிக்கப்போகுது!"

அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த விஷயத்தில் நான் கீட்டா டீச்சர்கள் பக்கம்தான். சளியைக் கொடுப்பது வைரஸ். மூடின அறைக்குள் இருபது பிள்ளைகள் ஒன்றாக இருந்தால் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுலபமாகத் தாவும். வெளியில் காற்று இருக்கிறது. உடம்பு நனையாமல், சூடாக இருந்தால் போதும். சாயங்காலம் இரண்டு பேரும் அடித்துப்போட்டதுபோல் தூங்குகிறார்கள், இரண்டு தட்டு ரசம் சாதம் உள்ளே போகிறது. இதைவிட என்ன வேண்டும்? அம்மாவிடம் பேன்ட்டைத் திருப்பி உள்பக்கம் காய்ந்திருப்பதைக் காட்டினேன். தொட்டுப் பார்க்க முடியவில்லையே என்று மட்டும் வருத்தப்பட்டார்கள்.

அப்புறம், துவைப்பது பற்றி எத்தனையோ பேர் கேட்டிருந்தீர்கள். ஷவரில் சேற்றை அடித்துவிட்டு அப்படியே தொங்கவிடுங்கள். மெஷினில் போட்டே ஆகவேண்டும் என்றால் சாஃப்ட்னர் ஊற்றாதீர்கள், டிரையரில் போடவே போடாதீர்கள். மேல்பூச்சு போய்விடும்.

நவம்பர் 11 செயின்ட் மார்ட்டின் நாள், லாந்தர் ஊர்வலம். நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். இருட்டில் பிள்ளைகள் காகித லாந்தரைக் குச்சியில் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டே போவதை எங்கள் தெருவில் பார்ப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும். பெரியவள் கீட்டாவில் முள்ளெலி லாந்தர் செய்துகொண்டிருக்கிறாள், அதற்குத் தனி வீடியோ கட்டாயம் உண்டு. மழை வந்தாலும் இந்த முறை கவலை இல்லை, நீல பேன்ட் தயார்.

இன்னும் தீராதது கையுறைதான். சின்னவன் ஐந்து நிமிடத்தில் கழற்றி எறிகிறான். பின்லாந்து, நார்வேயில் இருக்கிற அக்காமார்களே, இரண்டரை வயதுப் பிள்ளைக்குக் கையில் நிற்கிற, தண்ணீர் இறங்காத கையுறை எது என்று கமெண்டில் எழுதுங்கள். மூன்று இருபது ஆகிவிட்டது, நான் கிளம்புகிறேன்!