முழு ஜூமில் எவ்வளவு கிட்ட?

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையிலும் லால்பாக் குளத்தோரமும் காலையில் கைப்பேசியை நீட்டிக்கொண்டு ஒரு தட்டானின் பின்னால் மெல்ல மெல்லப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நீங்களே அப்படிப் போயிருக்கவும் கூடும். கிட்டப் போனால் பறந்துவிடும். தள்ளி நின்று எடுத்தால் படத்தில் புல் இருக்கும், தண்ணீர் இருக்கும், நடுவில் ஒரு புள்ளி இருக்கும். அப்போதுதான் சட்டைப் பையில் போடுகிற மாதிரி ஒரு சின்னக் கேமரா வாங்கலாமே என்று தோன்றும்.

தாராளமாக வாங்குங்கள். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முழுசாக ஜூம் பண்ணிய பிறகு, எவ்வளவு கிட்டத்தில் உள்ள பொருளை இது ஃபோகஸ் பண்ணும்? இன்றைக்கு இதையே திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் மெகாபிக்சலில் ஆரம்பிப்பார். விடுங்கள். அப்புறம் பெட்டியைத் திருப்பி, 'மேக்ரோ 1 சென்டிமீட்டர்', அதாவது அவ்வளவு கிட்டத்திலும் எடுக்கும், என்று போட்டிருப்பதைக் காட்டுவார். அது பொய்யில்லை. ஆனால் பெரும்பாலான கேமராக்களில் அந்த 1 சென்டிமீட்டர், ஜூம் கொஞ்சமும் பண்ணாத நிலைக்கு மட்டும்தான். செம்பருத்திப் பூவுக்கு அது போதும், பூ எங்கேயும் ஓடாது. தட்டான் விஷயம் வேறு. சில இனங்களில் ஒரே கண்ணுக்குள் 30,000 வரை குட்டிக் கண்கள். அதன் மூக்குக்கு நேரே லென்ஸைக் கொண்டுபோனால் உட்கார்ந்திருக்குமா? நாம் இரண்டு மூன்று அடி தள்ளி நின்றுதான் எடுக்க வேண்டும். அங்கிருந்து அதைப் பெரிதாக்கிக் காட்டுவது ஜூம். ஆனால் ஜூமை நீட்ட நீட்ட, பல கேமராக்கள் "இன்னும் பின்னால் போ" என்று அடம்பிடிக்கும். அதனால்தான் அந்தக் கேள்வி.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சரக்கா ஒருவர் இருக்கிறார். கேமரா வாங்கத் துணைக்கு என்னைக் கூட்டிப் போனார். கடைப் பையன் சிவாஜிநகர்க்காரன், நன்றாகத் தமிழ் பேசினான். "அக்கா, இது நாற்பது எக்ஸ் ஜூம், நிலாவையே இழுத்துக் கொண்டாந்துடும்" என்றான். அக்கா காதிலிருந்த ஜிமிக்கியைக் கழற்றிக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். "நிலா இருக்கட்டும் தம்பி. முழு ஜூம்ல வெச்சு இதை எடுத்துக் காட்டு." பையன் எடுத்தான், மங்கல். ஓரடி பின்னால் போனான், மங்கல். நாற்காலியைத் தள்ளி, வாசல் வரைக்கும் போய், அங்கே உட்கார்ந்திருந்த வேறொரு வாடிக்கையாளரை எழுப்பிவிட்டு நின்ற பிறகுதான் ஃபோகஸ் ஆகிவிட்டது என்று திரையில் பச்சைக் கட்டம் எரிந்தது. படத்தில் ஜிமிக்கி கடுகளவு. "அடுத்ததைக் காட்டு" என்றார் அக்கா. அதைவிட விலை குறைந்த ஒன்று, ஜூமும் குறைவு, ஆனால் ஒரு கை தூரத்தில் நின்றே ஜிமிக்கியின் முத்தை எண்ணிக் காட்டியது. அதைத்தான் வாங்கினார். எழுந்து நின்ற வாடிக்கையாளரும் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்!

ஜிமிக்கி இல்லாதவர்கள் ஒரு விசிட்டிங் கார்டு கொண்டு போங்கள். அகலம் சுமார் 9 சென்டிமீட்டர். முழு ஜூமில் கார்டு படத்தின் அகலத்தை நிரப்பினால், 3 சென்டிமீட்டர் தட்டான் மூன்றில் ஒரு பங்கு வரும். அது தாராளம். டிஜிட்டல் ஜூமை மட்டும் அணைத்துவிட்டுப் பாருங்கள், அது வெறும் வெட்டிப் பெரிதாக்குவது.

ஒலிம்பஸ் டிஜி-6 மாதிரி சில கேமராக்களில் ஜூம் பண்ணினாலும் 1 சென்டிமீட்டரில் ஃபோகஸ் ஆகும். தண்ணீருக்குள் 15 மீட்டர் வரை போகும், மழைக்குப் பயமில்லை. நத்தை, சிலந்தி, காளான் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். தட்டானுக்கு அதன் ஜூம் போதாது.

சின்னக் கேமரா என்று தாழ்வாக நினைக்க வேண்டாம். உள்ளே படத்தைப் பதிகிற சென்சார் நகத்தளவுதான், அதுவே பூச்சிக்கு வசதி. பெரிய கேமராவில் கண் தெளிவாக வந்தால் வால் மங்கிவிடும். இதில் கண், இறக்கை, வால் எல்லாம் சேர்ந்து தெளிவாக விழும். பக்கவாட்டில், உடம்புக்கு நேராக நின்று எடுத்தால் இன்னும் நல்லது.

காடு தேடிப் போகவும் வேண்டாம். டிச் ஜுவல் என்கிற ஆரஞ்சுத் தட்டான் சாக்கடை கலந்த நீரிலும் வளரும், பெங்களூரில் அதற்கா பஞ்சம்! கம்பில் உட்காருகிற இனங்கள் பறந்து போனாலும் பெரும்பாலும் அதே கம்புக்குத் திரும்பி வரும். துரத்தாமல், கம்பில் ஃபோகஸ் வைத்து, வெயில் முதுகுப் பக்கம் இருக்க, உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் நின்றால் போதும். உச்சி வெயிலில் வாலை வானத்துக்கு நேரே தூக்கி நிற்கும். உடம்பில் வெயில் குறைவாகப் பட அது செய்கிற தந்திரம். மழைக்காலத்தில் கூட்டமாகச் சுற்றுகிற அந்த மஞ்சள் தட்டான்களை மட்டும் விட்டுவிடுங்கள், அவை லேசில் உட்காராது. இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் கடல் தாண்டுகின்றன என்று சார்ல்ஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009இல் எழுதினார். அவ்வளவு தூரம் போகிறது நம் கேமராவுக்காகவா நிற்கும்?

நேரம் முடிந்தது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பழைய கேமரா வாங்குவது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரமில்லை. லென்ஸ் நீளும்போது கரகர சத்தம் வந்தால் வேண்டாம். வெறும் வானத்தை எடுத்துப் பாருங்கள், உள்ளே தூசி இருந்தால் புள்ளியாகத் தெரியும். பேட்டரி இப்போதும் கடையில் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள். வணக்கம்.