கேரவனில் தீ தாழ்ந்தால் ரெகுலேட்டரை மட்டும் பார்க்காதீர்கள்

வணக்கம் நேயர்களே. பிரிட்டனில் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் கேரவன்களை, அதாவது அடுப்பும் படுக்கையும் உள்ள சக்கர வீடுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். குளிர்காலம் முழுக்க மூடி வைத்திருந்த வண்டியை ஈஸ்டர் விடுமுறைக்கு வெளியே எடுக்கும் நாட்களில் நம்மவர்களிடமிருந்து ஒரே மாதிரி அழைப்புகள் வரும். "அண்ணா, கேஸ் சரியா வரல, ரெகுலேட்டர் போயிடுச்சு, எது வாங்கலாம்?" ரெகுலேட்டர்தான் போய்விட்டது என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பல வண்டிகளில் ரெகுலேட்டரில் ஒன்றுமே இருக்காது. உண்மையிலேயே அடைத்துப்போன வண்டியிலோ, அடைத்தது எது என்று பார்க்காமல் புதியதை மாட்டினால் அதுவும் அடைத்துக்கொள்ளும், பணம் போனதுதான் மிச்சம்.

நம் ஊர் வீட்டில் ரெகுலேட்டர் சிலிண்டரின் தலையில் உட்காரும், அதிலிருந்து குழாய் அடுப்புக்குப் போகும். 2003க்கு முன்னால் வந்த பிரிட்டிஷ் கேரவன்களும் ஏறக்குறைய அப்படித்தான்: நீல நிற பியூட்டேன் சிலிண்டருக்கு 28 மில்லிபார் (வாயு அழுத்தத்தின் அளவு, ஆயிரம் மில்லிபார் ஒரு பார்), சிவப்பு நிற புரொப்பேனுக்கு 37 மில்லிபார் என்று தனித்தனி ரெகுலேட்டர். 2003 இறுதியில், அதாவது 2004 மாடல் வண்டிகளிலிருந்து, ஐரோப்பிய முறைக்கு ஏற்ப ரெகுலேட்டர், வண்டியின் முன்பக்கம் சிலிண்டர் வைக்கும் பெட்டியின் சுவருக்குப் போய்விட்டது. இரண்டு வாயுக்கும் அது ஒன்றே, அழுத்தம் 30 மில்லிபார். சிலிண்டருக்கும் அதற்கும் நடுவே பிக்டெயில் என்று சொல்லும் உயர் அழுத்த ஹோஸ் இருக்கும். இதில் கவனிக்க வேண்டியது, பழைய ஹோஸில் ஓடியது அழுத்தம் குறைந்த வாயு, இந்த ஹோஸில் ஓடுவது சிலிண்டரின் முழு அழுத்தம். புரொப்பேன் என்றால் சாதாரண நாளிலேயே ஆறு ஏழு பார் இருக்கும், அதை 0.03 பாராகக் குறைப்பது அந்தக் கையளவு ரெகுலேட்டர்.

சரி, தீ தாழ்ந்துவிட்டது, அல்லது ஒரு பர்னர் எரிகிறது, இரண்டாவதைப் பற்றவைத்தால் இரண்டுமே சுருங்குகின்றன, கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் அணைந்து அணைந்து போகிறது. முதலில் சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், காலி சிலிண்டரோடு ரெகுலேட்டர் வாங்கப் போனவர்கள் உண்டு. அப்புறம் அது எந்த வாயு என்று பாருங்கள். மார்ச் மாத இரவில் ஸ்காட்லாந்தின் மலைப்பக்கம் நின்றுகொண்டு நீல சிலிண்டரை வைத்திருந்தால், 0 டிகிரியை நெருங்கும்போது பியூட்டேன் ஆவியாவது நின்றே போகும். புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும், ஆகவே குளிரில் சிவப்புதான். பல பிக்டெயில்களில் சிலிண்டர் பக்க முனையில் ஹோஸ் அறுந்தால் வாயுவை நிறுத்தும் ஒரு பாதுகாப்பு வால்வும், அதன்மேல் பச்சை பொத்தானும் இருக்கும். சிலிண்டர் மாற்றியதும் அதை அழுத்தித் திறந்துவிட வேண்டும், மறந்தால் கேஸ் வராது. ட்ரூமா நிறுவனத்தின் சில ரெகுலேட்டர்களில் விபத்து நேர்ந்தால் வாயுவை நிறுத்தும் உணரி உண்டு. பெரிய குழியில் இறங்கி ஏறினாலும் அது வாயுவை நிறுத்திவிடலாம், அதன் பொத்தானை மீண்டும் அழுத்தினால் போதும். சிலிண்டர் வால்வை அவசரமாகத் திறந்தாலும் சில வால்வுகள் தாமே மூடிக்கொள்ளும், மெதுவாகத் திறவுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தீ தாழ்கிறதென்றால் எண்ணெயைச் சந்தேகப்படலாம். சுவர் ரெகுலேட்டர்கள் வந்த சில ஆண்டுகளிலேயே இங்கே பெரிய தலைவலியானது இதுதான். ரெகுலேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தால் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பாக ஒன்று வடியும். இதில் பெரும்பங்கு ரப்பர் ஹோஸிலிருந்து வருவது. ரப்பரை வளையும்படி வைத்திருக்கும் பொருட்களை உயர் அழுத்த வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொண்டு போகிறது, ரெகுலேட்டருக்குள் அழுத்தம் சட்டென்று விழும் இடத்தில் அதைப் போட்டுவிடுகிறது. உள்ளே இருக்கும் துளை நூல் அளவுதான், அதில் எண்ணெய் நின்றால் என்ன ஆகும்? அதனால்தான் சொல்கிறேன், ரெகுலேட்டர், ஹோஸ், அது மாட்டியிருக்கும் உயரம் மூன்றும் ஒரே பிரச்சினை. ரெகுலேட்டர் சிலிண்டர் வால்வுக்கு மேலே இருக்க வேண்டும், ஹோஸ் நடுவில் எங்கும் தொங்கி வளையாமல் ரெகுலேட்டரிலிருந்து சிலிண்டரை நோக்கிச் சரிந்தே வர வேண்டும். அப்படி இருந்தால் திரவம் எதுவானாலும் சிலிண்டருக்கே திரும்பி ஓடிவிடும். ரப்பருக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு ஹோஸ் கிடைக்கிறது, விலை கூடத்தான், ஆனாலும் நான் யாருக்கும் முதலில் சொல்வது அதைத்தான். வடிகட்டிகளும் விற்கிறார்கள், வைக்கலாம், ஆனால் ஹோஸின் போக்கைச் சரிசெய்யாமல் வடிகட்டியை மட்டும் நம்பக்கூடாது. சிலிண்டரைப் படுக்க வைப்பது, வால்வைத் திறந்தபடியே சாலையில் ஓடுவது, இவையும் திரவத்தை ரெகுலேட்டருக்குள் தள்ளும்.

இதற்கு நேர்மாறான கோளாறு ஒன்று உண்டு, அதுதான் எனக்குப் பயம். தீ வழக்கத்தைவிட உயரமாகச் சீறினால், அல்லது எல்லாவற்றையும் அணைத்த பிறகு மானோமீட்டரில் (வாயு அழுத்தம் அளக்கும் கருவி) அழுத்தம் ஒரு நிலையில் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், உள்வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள். அந்த நிமிடமே சிலிண்டரை மூடிவிடுங்கள். ரெகுலேட்டரைத் திறந்து சுத்தம் செய்யும் வேலையே வேண்டாம், அது தொழிற்சாலையில் அளவு வைத்து மூடியது, மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்போது பழையதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 30 மில்லிபார் இருக்க வேண்டும், மணிக்கு எத்தனை கிலோ தரும் என்பதும் இருக்கும். 1.5 கிலோ உள்ள இடத்தில் குறைந்ததை வைத்தால் ஹீட்டரும் அடுப்பும் சேர்ந்து எரியும்போது மூச்சுத் திணறும். பிக்டெயில் சேரும் மரையில் எம் 20, டபிள்யூ 20 என்று இரண்டு வகை உண்டு, பார்க்க ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்று மற்றதில் சேராது. பலத்தால் திருகி மரையைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய. புரொப்பேன் சிலிண்டரில் மரை இடப்பக்கம், நாம் பழகியதற்கு எதிராகத் திருப்பினால்தான் இறுகும். ரெகுலேட்டரை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் நட்டைத் திருப்புங்கள், இல்லாவிட்டால் உள்ளே போகும் செம்புக் குழாய் முறுக்கிக்கொள்ளும். ரெகுலேட்டர் மூடியில் ஒரு சிறு மூச்சுத் துளை இருக்கும், அதில் தண்ணீரோ பூச்சியோ புகாதபடி அதன் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். முடிந்ததும் கசிவு கண்டுபிடிக்கும் ஸ்ப்ரேயை இணைப்புகளில் அடித்துப் பாருங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், அதிலுள்ள உப்பு பித்தளையை அரிக்கும். ஸ்ப்ரே நீங்கள் தொட்ட இணைப்பைத்தான் சொல்லும், முழு வண்டியின் குழாயையும் சொல்லாது, அதற்கு மானோமீட்டர் வைத்துச் சோதிக்க வேண்டும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிற்பாடு சுவரில் ஒரு ரெகுலேட்டர் மாட்டிய பிறகும், சிலிண்டரின் தலையில் பழையதைக் கழற்றாமல் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று குறைத்ததை மற்றொன்று மேலும் குறைக்கும், தீ எழும்பவே எழும்பாது. ஜெர்மனியிலிருந்து வந்த பழைய வண்டி என்றால் அது 50 மில்லிபார் முறையாகவும் இருக்கலாம், அடுப்பின் தகட்டில் போட்டிருக்கும் அழுத்தத்தைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

சொந்த உபயோகத்துக்கான சொந்த கேரவனில் நீங்களே இந்த வேலையைச் செய்யச் சட்டம் தடுக்கவில்லை. வாடகைக்கு விட்டால் கதை வேறு, கேஸ் சேஃப் என்ற, பிரிட்டனின் கேஸ் வேலைக்காரர்கள் பதிவேட்டில் உள்ளவர்தான் தொட வேண்டும், அவருடைய அட்டையின் பின்பக்கம் எல்பிஜி, கேரவன் இரண்டுக்கும் தகுதி இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். வீட்டுக் கொதிகலன் பார்ப்பவர் எல்லோரும் இதற்குத் தகுதி பெற்றவர்கள் அல்ல. சொந்த வண்டியானாலும் கை நடுங்கினால் அவரையே கூப்பிடுங்கள்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். முன்பக்கப் பெட்டியைத் திறந்து ஹோஸின்மேல் அச்சிட்ட ஆண்டைப் படியுங்கள், ரப்பர் ஹோஸுக்கு ஐந்தாண்டுக்கு மேல் வயதானால் மாற்றிவிடுங்கள். ரெகுலேட்டருக்குப் பத்தாண்டு. பெட்டியின் தரையில் இருக்கும் ஓட்டையைக் குளிர்காற்று வருகிறது என்று துணி வைத்து அடைத்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் வெளியே போக அது ஒன்றுதான் வழி. தீ மஞ்சளாகிக் கரி படிந்தால் கார்பன் மோனாக்சைடு வருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அலாரம், அதுவும் கேரவனுக்கென்றே இஎன் 50291-2 என்று எண் போட்டது, பேட்டரியோடு இருக்கட்டும்.