எந்த டிராகன் நிஜ டிராகன்?

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் கம்ப்யூட்டர் அனிமேஷன் சொல்லிக்கொடுப்பது என் தொழில். வகுப்பில் அடிக்கடி கிளம்பும் ஒரு சண்டையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். "சார், டிக்கி மனுஷியா இருக்கறப்ப எந்த கேம்ல பார்த்தாலும் அடையாளம் தெரியுது. பச்சை முடி, கூர்க் காது. டிராகனா மாறினா மட்டும் ஏன் ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி இருக்கா? இதுல எது நிஜம்?"

கேம் பக்கமே போகாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிடும் ஃபயர் எம்ப்ளம் என்ற வரிசையில் டிக்கி ஒரு பாத்திரம். கட்டம் போட்ட வரைபடத்தில் படைகளை மாறி மாறி நகர்த்தும் போர் விளையாட்டு அது. முதல் பாகம் 1990 இல் நின்டெண்டோவின் ஃபாமிகாம் என்ற கேம் கருவிக்கு வந்தது. பார்க்கச் சிறுமியாக இருக்கும் டிக்கி, கையில் இருக்கும் ஒரு கல்லின் சக்தியால் டிராகனாக மாறுவாள்.

பிள்ளைகள் முதலில் கதைக்குள்தான் காரணம் தேடுவார்கள். தேடினால் கிடைக்கவும் செய்கிறது. 1994 இல் வந்த பாகத்தில் நெருப்புக்கல், பனிக்கல் என்று பல வகைக் கற்கள் உண்டு. கல்லுக்கு ஏற்றபடி டிராகனும் மாறும். 2012 இல் வந்த அவேக்கனிங் பாகத்தில் கதை சுமார் இரண்டாயிரம் வருடம் நகர்ந்துவிடுகிறது. சிறுமியாக இருந்த டிக்கி அங்கே வளர்ந்த பெண். அப்படியானால் டிராகனும் வளர்ந்திருக்கும்தானே? நியாயமான வாதம்தான். ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் தோன்றுகிறது. மீதிப் பாதி, உருவத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது.

ஃபாமிகாமின் திரை 256க்கு 240 புள்ளிகள், அவ்வளவுதான். அதில் நகரும் உருவங்களை 8க்கு 8 அல்லது 8க்கு 16 புள்ளி கொண்ட சின்னத் துண்டுகளை ஒட்டித்தான் செய்ய வேண்டும். ஒரு துண்டுக்கு மூன்று நிறம். திரையின் ஒரே கிடைக்கோட்டில் எட்டுத் துண்டுக்கு மேல் வந்தால் மிச்சத்தை அந்தக் கருவி காட்டவே காட்டாது. இந்தக் கணக்குக்குள் ஒரு டிராகனை நிறுத்த வேண்டியவர் செதிலைப் பற்றியோ இறக்கையின் மடிப்பைப் பற்றியோ கவலைப்பட முடியுமா? கழுத்து, வாய், இறக்கை என்று மூன்று அடையாளம் தெரிந்தால் போதும் என்றுதான் வேலையை முடிப்பார். மனித உருவத்துக்கு இந்தக் கஷ்டம் குறைவு. முடியின் நிறத்தைச் சரியாகப் பிடித்துவிட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

நம் சேலத்து ஆடித் திருவிழாவில் குகை என்ற பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையை நினைத்துப் பாருங்கள். சாமி வேஷம் கட்டி, அலங்கரித்த வண்டியில் ஏறி வலம் வருவார்கள். வண்டி பெரிதாக இருந்தால் அம்மனுக்குப் பின்னால் அத்தனை கைகளையும் விரித்துக் கட்டலாம். சின்ன வண்டியானால் கைகள் குறையும், சிங்கம் ஒடுங்கிக்கொள்ளும். இதில் எது நிஜ அம்மன் என்று யாரும் மல்லுக்கு நிற்பதில்லை.

அவேக்கனிங் வந்தபோது கருவி 3டிஎஸ், நின்டெண்டோவின் கையடக்க கேம் கருவி. உருவங்கள் முப்பரிமாணத்துக்கு வந்துவிட்டன, சண்டைக் காட்சியில் கேமரா சுற்றி வருகிறது. முன்பு யாரும் பார்க்காத முதுகும் வயிறும் இறக்கை உடம்போடு சேரும் இடமும் இப்போது தெரியும். தெரிவதையெல்லாம் யாராவது வடிவமைத்துத்தானே ஆக வேண்டும்? பழைய படத்தில் இல்லாத ஒன்றை எப்படிப் பார்த்து வரைவது? புதிதாகத்தான் யோசிக்க வேண்டும்.

இதைவிடச் சுவாரசியமான ஆள் காரின், அவரும் டிராகனாக மாறுகிறவர்தான். 2015 இல் வந்த ஃபேட்ஸ் பாகத்தின் நாயகன், நாயகியாகவும் வைத்துக்கொள்ளலாம். காரினின் டிராகனுக்கு நாலு கால், மெலிந்த உடம்பு, கிளை கிளையாகக் கொம்பு, கண்ணே தெரியாத வழவழப்பான முகம். மனிதனுக்குச் செய்த எலும்பு அமைப்பை, நாங்கள் ரிக் என்போம், இதற்குப் பயன்படுத்த முடியாது. முதுகெலும்பு படுக்கைவாட்டில் போகிறது, கை காலாகிறது, வால் வேறு. இரண்டு மாடலைத் தனித்தனியாகச் செய்துவிட்டு, மாறும் கணத்தில் ஒன்றை மறைத்து மற்றதைக் காட்டுவதுதான் இந்த மாதிரி இடத்தில் வழக்கம். கேமில் உருமாற்றம் என்றாலே ஒளி வெடிப்பதும் தண்ணீர் சுழல்வதும் அழகுக்கு மட்டும் இல்லை. அந்த மாற்று வேலையை மூடி மறைக்கும் திரை அது.

சரி, இதே காரின், பல கேம்களின் பாத்திரங்கள் மோதிக்கொள்ளும், மசாஹிரோ சகுராய் இயக்கிய சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் கேமுக்குள் 2016 பிப்ரவரியில் வருகிறார். அது நேருக்கு நேர் சண்டை. மேடைக்கு மேடை தாவ வேண்டும், அடிக்க வேண்டும், அதைவிட முக்கியமாக அடியிலிருந்து நழுவ வேண்டும். நாலு கால் டிராகன் அங்கே நின்றால் எல்லா அடியும் அதன் மேல்தான் விழும். முறை வைத்து அடிக்கும் ஃபேட்ஸில் இந்தப் பிரச்சினையே இல்லை. உடம்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அடி விழுமா விழாதா என்பதை எண்கள்தான் முடிவு செய்யும்.

அதனால் அங்கே டிராகனைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு தாக்குதலில் கை மட்டும் ஈட்டியாக நீளும். இன்னொன்றில் கை டிராகனின் வாயாகி நீரை உமிழும். மேலே எழும்ப இறக்கை மட்டும் முளைக்கும். எதிரியின் அடியைத் தாங்கித் திருப்பிக் கொடுக்கும் நொடி, கடைசிப் பெருந்தாக்குதல் போன்ற சில இடங்களில்தான் முழு டிராகனைப் பார்க்கலாம், அதுவும் கொஞ்ச நேரம். இதைத் துரோகம் என்று திட்டிய மாணவர்கள் உண்டு. எனக்கோ, இந்தக் கேரக்டருக்கு நடந்த ஆகச் சிறந்த வடிவமைப்பு அதுதான்.

2017 இல் இதே வரிசையில் செல்போனுக்கு வந்த ஹீரோஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 6க்கு 8 கட்டத்தில் விளையாடும் சின்னத் திரை. அடிக்கும் நேரத்துக்கு மட்டும் டிராகனாகிவிட்டு ஆள் பழையபடி திரும்பிவிடுவார். சிறுமி டிக்கியும் வளர்ந்த டிக்கியும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம் என்பது ஒரு வேடிக்கை.

அப்புறம், வரைபவர் கை. அவேக்கனிங், ஃபேட்ஸ் இரண்டிலும் பாத்திரங்களை வடிவமைத்தவர் யூசுகே கொசாகி. 2023 இல் வந்த எங்கேஜ் பாகத்தில் அந்த இடத்துக்கு மிகா பிகாசோ வந்தார். நிறமும் கோடும் முழுக்க வேறு ரசனை. மனித முகத்தையே வேறாகப் போடுகிறவரிடம் டிராகன் மட்டும் அப்படியே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாமா?

எங்கேஜில் டிக்கி தனியாக வாங்கிச் சேர்க்கும் கூடுதல் பகுதியில் வருகிறாள். அங்கே அவள் ஆவி போன்ற துணை. அவளோடு இணையும் வீரர்தான் டிராகன் உருவம் எடுக்கிறார். அது டிக்கியின் டிராகனா, அந்த வீரரின் டிராகனா என்று வகுப்பில் இப்போது புதுச் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. நான் டிக்கி கட்சி. மாணவர்களில் பாதிப் பேர் என் கட்சியில் இல்லை.