மோப்பத்தில் நடக்கும் வேட்டை

வணக்கம் நேயர்களே.

கடற்கரையில் மட்டி ஓடு பொறுக்கியவர்கள் கவனித்திருப்பீர்கள். சில ஓடுகளில் ஆசாரி தமர் போட்டது போல வட்டமாக ஒரு துளை இருக்கும். சின்ன வயதில் அதில் நூல் கோத்து மாலையாகப் போட்டுக்கொண்டவன் நான். துளைத்தது ஒரு நத்தை, உள்ளே இருந்த உயிரைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது என்பதெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

பார்வை மங்கலான இந்தப் பிராணி இரையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் சிப்பி வளர்ப்பவர்களுக்கு யூரோசால்பிங்க்ஸ் என்ற துளைநத்தை தீராத தலைவலி. அதனால் அதை விடாமல் ஆராய்ந்தார்கள். இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். முன்னால் குழாய் ஒன்றை நீட்டி, அப்படியும் இப்படியும் ஆட்டி, தண்ணீரை உள்ளே இழுக்கும். உள்ளே மோப்ப உறுப்பு இருக்கிறது. இரை இருக்கும் பக்கத்துத் தண்ணீர் எது என்று அதற்குத் தெரிந்துவிடும்.

செத்த சிப்பி இதற்கு வேண்டாம். 1960-இல் வெளியான ஓர் ஆய்வு, அதிகம் ஆக்சிஜன் செலவழிக்கும் சிப்பியின் பக்கமே நத்தை அதிகம் போகிறது என்றது. நன்றாக மூச்சுவிடுபவன்தான் மாட்டிக்கொள்கிறான், பாவம்!

முட்டையிலிருந்து வந்த குஞ்சு, எதையும் தின்று பார்க்காமலே, கொட்டலசு இருந்த தண்ணீரைத் தேடி ஊர்கிறது. ஆமாம், தோணியின் அடியில் ஒட்டிக்கொண்டு காலைக் கிழிக்குமே, அதே கொட்டலசுதான். ஆனால் வளர வளர, தின்று பழகிய இரையின் வாசனைக்கே நத்தை சாய்கிறது. நம் வீட்டில் இட்லி கேட்கிற பிள்ளை போலத்தான்.

இரையைத் தேர்ந்தெடுப்பதில் தப்பு நடந்தால் நத்தைக்கு நஷ்டம் பெரிது. மெல்போர்ன் கேரிக்கர் என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்தத் துளைபோடும் வேலையைப் பல ஆண்டுகள் கூர்ந்து பார்த்தவர். நத்தையின் பாதத்தில் உள்ள ஓர் உறுப்பு அமிலம் சுரந்து இரையின் ஓட்டினை இளக்கும். பிறகு அரம் போன்ற நாக்கு சுரண்டும். மறுபடி அமிலம், மறுபடி சுரண்டல். தடித்த ஓடு என்றால் நாள்கணக்கில் இதே வேலை.

என் மேசையில் ஒரு மட்டி ஓடு கிடக்கிறது. அதில் துளை பாதியில் நிற்கிறது. அலை புரட்டியதோ, நண்டு வந்து விரட்டியதோ, அந்த மட்டி அன்றைக்குப் பிழைத்தது.