மானுக்குப் பயந்த மகனும் அம்மாவின் போனும்

(திருகோணமலையில் ஒரு முன்பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்பான அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும், பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் அம்மம்மாமார், அப்பம்மாமாருக்கும் வணக்கம்.

பிள்ளைகளின் பயத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இருட்டு, இடி, நாய், ஊசி, தலைமயிர் வெட்டுகிற மெஷின், கோயிலில் கொளுத்துகிற வெடி என்று எதுவென்றாலும் ஏதோ ஒன்றுக்கு எல்லாப் பிள்ளையும் பயப்படும். நான் வாசலால் வரும்போதே ஒரு அம்மா கேட்டார்: “டீச்சர், பயம் போறதுக்கு யூடியூப்பில வீடியோ இருக்காமே, எதைப் போட்டுக் காட்டலாம்?” நல்ல கேள்வி. பதிலும் இருக்கிறது. ஆனால் ஒரு வீடியோவின் பெயரைச் சொல்லிவிட்டு நான் கதிரையில் போய் இருந்துவிட முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

நம்முடைய தடுப்பூசி அட்டவணையில் 3 வயதில் ஒரு ஊசி, 5 வயதில் ஒரு ஊசி இருக்கிறது. இரண்டும் சரியாக முன்பள்ளிக் காலத்தில்தான் வருகின்றன. சில வருடங்களுக்கு முன்னர் என் வகுப்பில் நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரே கிழமையில் கிளினிக். சரி, பிள்ளைகளைத் தயார்படுத்துவோம் என்று ஒரு காட்டூன் போட்டுக் காட்டினேன். ஒரு முயல் குட்டி டொக்டரிடம் போகும், பாட்டுப் பாடும், ஊசி போடுவார்கள், முயல் சிரித்துக்கொண்டே “வலிக்கவே இல்லை” என்று சொல்லும். பிள்ளைகள் எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கும் பெரிய சந்தோஷம்.

இரண்டு நாள் கழித்து ஒரு மகள் கையில் பஞ்சு ஒட்டியபடி வந்தாள். காலை முழுக்க என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாகச் சொன்னாள்: “டீச்சர், முயலுக்கு நோகேல்ல. எனக்கு நொந்தது.” அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. முயலுக்கு நோகாதது தனக்கு நொந்துவிட்டதே, தன்னில்தான் ஏதோ பிழை என்று நினைத்திருக்கிறாள். அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

இது ஒன்றும் யூடியூப் வந்த பிறகு தொடங்கிய விஷயம் அல்ல. 1924 இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். முயலைக் கண்டால் அலறுகிற பீட்டர் என்ற சின்னப் பையனைப் பற்றியது. பீட்டர் விருப்பமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, முயலைக் கூட்டில் வைத்துத் தூரத்தில் வைத்தார்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவந்தார்கள். முயலுக்குப் பயப்படாத வேறு பிள்ளைகளையும் அவனோடு விளையாட விட்டார்கள். கடைசியில் அவன் முயலைத் தடவிக்கொடுத்தான். நம் ஊரில் அம்மம்மாமார் பிள்ளையை இடுப்பில் வைத்துச் சோறு தீத்திக்கொண்டே காகத்தையும் நாயையும் காட்டுவார்களே, அதேதான்.

பிறகு 1960களின் கடைசியில் அல்பேர்ட் பண்டுரா என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும், நாய்க்குப் பயந்த 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்குப் படம் காட்டிப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு, ஒரேயொரு பையன் ஒரேயொரு நாயோடு பழகுகிற படம். இன்னொரு பகுதியினருக்கு, பல வயதுப் பிள்ளைகள் சின்னதும் பெரியதுமான பல நாய்களோடு பழகுகிற படம். இரண்டு பகுதியினருக்கும் பயம் குறைந்தது. ஆனால் உண்மையான நாயோடு ஒரே அடைப்புக்குள் தனியே இருக்கிற கடைசிப் படிக்கு வந்தபோது, பலரையும் பல நாய்களையும் பார்த்த பிள்ளைகள்தான் கூடுதலாகத் துணிந்தார்கள். ஆகவே ஒரே வீடியோவை நூறு தரம் போடுவதை விட, ஒரே பயத்தைப் பற்றி நாலைந்து விதமான வீடியோக்களைக் காட்டுவது நல்லது.

எனக்கு மிக முக்கியமாகப் பட்டது 1975 இல் மெலமெட், சீகல் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு. சத்திரசிகிச்சைக்கு வந்திருந்த 4 முதல் 12 வயது வரையான 60 பிள்ளைகள். பாதிப் பேருக்கு, 7 வயதுப் பையன் ஒருவன் ஆஸ்பத்திரிக்கு வருவதில் இருந்து வீட்டுக்குப் போவது வரைக்குமான 16 நிமிடப் படம் காட்டினார்கள். மற்றப் பாதிக்கு வேறு ஏதோ படம். முதல் படத்தைப் பார்த்தவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. அந்தப் பையன் என் முயல் மாதிரிச் சிரித்துக்கொண்டு திரியவில்லை. தனக்கு எந்த இடத்தில் என்ன பயம் வந்தது என்று அவனே தன் வாயால் சொல்கிறான், சொல்லிக்கொண்டே அடுத்த கட்டத்துக்குப் போகிறான். பயமே இல்லாத வீரனைப் பார்த்துப் பயந்த பிள்ளைக்குத் துணிவு வராது. தன்னைப் போலப் பயந்து, கண்ணைத் துடைத்துவிட்டுக் கையை நீட்டுகிற பிள்ளையைப் பார்த்தால்தான் வரும்.

ஆகவே வீடியோ தேடும்போது நீங்கள் முதலில் தனியாக இருந்து பாருங்கள். அதில் வருகிற பிள்ளைக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கிறதா? படிப்படியாகப் போகிறதா? நோகும் என்றால் நோகும் என்று சொல்கிறதா?

அப்படிப் பார்த்தால் ஒரு குறை தெரியும். தமிழில் கிடைக்கிற வீடியோக்களில் எங்கள் பிள்ளைகள் இல்லை. எங்கள் பிள்ளை “நோகுது” என்று சொல்லும், அந்தக் காட்டூன் “வலிக்குது” என்று சொல்லும். அதில் வருகிற டொக்டரின் அறை எங்கள் கிளினிக் மாதிரி இருக்காது. நிறை பார்க்கிற தராசும், கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற வரிசையும் அங்கே இல்லை. அப்படியென்றால் நாமே எடுத்தால் என்ன?

இதை எனக்குச் சொல்லித் தந்தது ஒரு அம்மா. பிரட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில் மான்கள் நிற்கும், உங்களுக்குத் தெரியும். வெளியூர்ப் பிள்ளைகள் அதைப் பார்க்கத் துடிப்பார்கள். இவருடைய 4 வயது மகனோ மானைக் கண்டாலே அப்பாவின் கழுத்தில் ஏறிவிடுவான். ஒரு நாள் கொம்புள்ள கலைமான் ஒன்று அவன் கையில் இருந்த கச்சானை மணந்து பார்க்க வந்திருக்கிறது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதே நின்றுவிட்டது.

அந்த அம்மா தன் போனில் வீதிக்கு இந்தப் பக்கம் நின்று, ஒரு மான் இலை தின்பதை 20 விநாடி எடுத்தார். வீட்டில் மகனை மடியில் வைத்துக் காட்டினார். போதும் என்றதும் நிறுத்திவிட்டார். அடுத்த வெள்ளி, பக்கத்து வீட்டு 6 வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு போய் எடுத்தார். அவனும் பத்தடி தள்ளி நின்று, “எனக்கும் கொஞ்சம் பயம்தான் அன்ரி, ஆனா நிப்பன்” என்று சொல்கிறான். அதை மகன் அன்றைக்கே ஏழெட்டுத் தரம் கேட்டு வாங்கிப் பார்த்தானாம். மூன்றாவது வீடியோவில் மானின் முகம் கிட்டத் தெரியும். மூக்கு ஈரம், காது ஈ ஓட்டுகிறது. மகன் போனைப் பிடித்து நிறுத்தி, விரலை வைத்து, “அம்மா, இதுக்குக் கண்மயிர் இருக்கு” என்று சொல்லியிருக்கிறான். அந்த இடத்தில் பயம் பாதி போய்விட்டது என்று நான் நினைக்கிறேன். கொம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டது.

நாலாவது வீடியோவில் அவனே இருந்தான், அப்பாவின் கையில், தூரத்தில். ஒன்றரை மாதத்தில் அந்தக் குடும்பம் திரும்பவும் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகத் தொடங்கியது. (மானைப் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து பொலித்தீன் பையை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். அவை அதையும் தின்கின்றன.)

கவனித்தீர்களா, வீடியோவோடு நிறுத்தாமல் அவர்கள் மகனை அந்த இடத்துக்கே திரும்பக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். போகாமல் வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தால், பிள்ளை வீடியோவில் வருகிற மானோடு மட்டும் சிநேகமாகிவிடும்.

நாய் விஷயத்தில் மட்டும் ஒரு பிரேக் போட வேண்டும். நம் தெருவில் கட்டாக்காலி நாய்கள் இருக்கின்றன, விசர்நாய்க்கடி சாதாரண விஷயம் இல்லை. தெரியாத நாயைத் தடவிக்கொடுக்கிற வீடியோவைக் காட்டாதீர்கள். ஓடாமல், கையைப் பக்கத்தில் வைத்து, அதன் கண்ணைப் பார்க்காமல் மரம் மாதிரி நிற்பது எப்படி என்று காட்டுகிற வீடியோவைத் தேடுங்கள். பிள்ளையின் எல்லாப் பயத்தையும் துடைத்து எடுக்க வேண்டியதில்லை. கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போகாதீர்கள். 2017 இல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது, பிள்ளைகளுக்குப் பிடித்த காட்டூன் உருவங்களை வைத்தே ஊசி குத்துவதும் இரத்தம் ஓடுவதுமாக எத்தனையோ வீடியோக்கள் யூடியூப்பில் கலந்து கிடந்தன. ஒன்று முடிய அடுத்தது தானாக ஓடும், பயம் போகப் போட்ட வீடியோ புதுப் பயத்தில் கொண்டுபோய் விடும். 2 முதல் 4 வயது வரை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொல்லியிருக்கிறது. அதற்குக் கீழே உள்ள கைக்குழந்தைகளுக்கு வீடியோவே வேண்டாம், அவர்களுக்கு ஆட்களின் முகம் போதும்.

முகம் என்றதும்தான் அம்மாமாரிடம் சொல்ல வேண்டியது வருகிறது. 1985 இல் வெளியான ஒரு ஆய்வு. கண்ணாடி மேசை ஒன்று, நடுவில் கீழே பள்ளம் இருப்பது போலத் தெரியும். மேசையின் ஒரு பக்கம் ஒரு வயதுக் குழந்தை, மறுபக்கம் அம்மா. அம்மா சிரித்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் தவழ்ந்து கடந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை.

இந்த ஊரில் இதை நான் எப்படிச் சொல்வது? இங்கே இருக்கிற அம்மம்மாமார் 1964 மார்கழிப் புயலைப் பார்த்தவர்கள். அம்மாமார், அப்பாமார் பலர் 2004 டிசம்பர் 26 அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள். கடலைப் பார்க்கும்போது உங்கள் முகத்தில் வருவது பொய்ப் பயம் அல்ல. அதை மறைக்கச் சொல்லி நான் கேட்க மாட்டேன். ஆனால் பிள்ளை அந்த முகத்தைத்தான் பார்த்துப் படிக்கிறது.

எங்கள் அம்மாமாரில் ஒருவர் சுனாமிக்குப் பிறகு கடல் பக்கம் போனதே இல்லை. மகளும் அலைச் சத்தம் கேட்டாலே அழுவாள். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் போனோம், சித்திரையில், டச்சுக்குடாவில் கடல் குளம் மாதிரிக் கிடந்த ஒரு காலை. மகளைப் போனில் வீடியோ எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எடுத்தது அம்மாதான். மணலில் நின்றுகொண்டு, மகளுக்கு அலைகளை எண்ணிக் காட்டினார், ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று. குரல் நடுங்கியது. ஏழாவது அலை சொல்லாமல் கொள்ளாமல் வந்து அவருடைய செருப்பை இழுத்துக்கொண்டு போனது. அவர் ஒரு சத்தம் போட்டார், பிறகு சிரித்துவிட்டார். அது எல்லாம் அந்த வீடியோவில் இருக்கிறது. மகள் அதை இப்போதும் பார்க்கிறாளாம். கடல் வருகிற இடத்தை விட்டுவிட்டு, அம்மா சிரிக்கிற இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறாளாம்.

அடுத்த மாதம் நம் பிள்ளைகள் சிலருக்கு ஊசி இருக்கிறது. இந்த முறை முயல் வேண்டாம். தன் பிள்ளையைக் கிளினிக்கில் வீடியோ எடுக்கச் சம்மதிக்கிற ஒரு அம்மாவோ அப்பாவோ வேண்டும். வரிசை, தராசு, பஞ்சு, அழுகை, அழுகை நின்று வாங்குகிற இனிப்பு, எல்லாம் அப்படியே வரட்டும். அங்கே ஊசி போடுகிற மிஸ்ஸிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும், மற்றவர்களின் பிள்ளைகள் படத்தில் விழக் கூடாது. அது எங்கள் வகுப்பை விட்டு எங்கும் போகாது.

விருப்பமானவர்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் நில்லுங்கள். வீடியோ தானாக ஓடுவதை எப்படி நிறுத்துவது என்று கேட்டவர்களும் போனை எடுத்துக்கொண்டு முன்னுக்கு வாருங்கள், காட்டித் தருகிறேன்.